பிஎஸ்எல்இ அறிவியல்: சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளையை வீட்டில் பழக்குவது எப்படி

நீர்ச் சுழற்சியைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, "ஐஸ் தண்ணீர் வைத்த குவளையின் வெளிப்புறம் ஏன் ஈரமானது?" என்ற 2 மதிப்பெண் கேள்வியில் முட்டை வாங்கி வரும். சிங்கப்பூரில் தொடக்கநிலை 5, 6 படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. "நீ படிக்கவே இல்லை" என்று பெற்றோர் சொல்வார்கள். "எல்லாம் படிச்சேன்" என்று பிள்ளை அழும். பெரும்பாலும் பிள்ளை சொல்வதுதான் உண்மை. பாடம் தெரிந்திருக்கும். தெரிந்ததைப் புதிய சூழலில் பொருத்தி, காரணத்தை விட்டுப்போகாமல் எழுதத்தான் வந்திருக்காது.

இங்கே அறிவியல் பாடம் தொடக்கநிலை 3-இல் தொடங்குகிறது. தொடக்கநிலை 6-இன் முடிவில் வரும் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) அறிவியல் தாள் 100 மதிப்பெண்ணுக்கு, 1 மணி 45 நிமிடம். முதல் பகுதியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். இரண்டாம் பகுதியில் பிள்ளையே தன் சொற்களில் எழுத வேண்டிய விளக்க வினாக்கள். 2021 முதல் நடப்பில் உள்ள முறையில் 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏஎல் 1, அதாவது மிக உயர்ந்த அடைவுநிலை; 85 முதல் 89 வரை ஏஎல் 2. ஓரிரு கேள்விகளில் பாதிப் பதில் எழுதினாலே ஒரு நிலை கீழே இறங்கிவிடும். அதனால்தான் பெற்றோருக்கு இவ்வளவு பதற்றம். ஆனால் பதற்றத்தில் நாம் செய்யும் முதல் காரியம், இன்னொரு மதிப்பீட்டுப் புத்தகம் வாங்கித் தருவதும் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதும். இரண்டுமே இந்தச் சிக்கலைத் தீர்க்காது. மனப்பாடம் செய்த வாக்கியம் குவளைக் கேள்விக்குப் பொருந்தும். அதே கேள்வியைப் பேருந்து சன்னலை வைத்துக் கேட்டால் பொருந்தாது.

பெற்றோர் செய்ய வேண்டியது வேறு: பிள்ளையின் பதிலில் எந்த இடத்தில் காரணம் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பது. அதற்கு நீங்கள் அறிவியல் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

படி 1: விடைத்தாளை மூடி வையுங்கள், கேள்வியைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள்

பிள்ளை தவறாக எழுதியதும் பின்பக்கத்து விடையைப் புரட்டிப் பார்த்து, "இதைத்தான் எழுதியிருக்கணும்" என்று காட்டுவது நம் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். முதலில் கேள்வியைப் பார்க்காமல், "என்ன நடந்தது, யார் என்ன செய்தார், உன்னிடம் என்ன கேட்கிறார்கள்?" என்று சொல்ல வையுங்கள். நீங்கள் தமிழில் கேட்கலாம், பிள்ளை தமிழில் சொல்லலாம். தேர்வில் ஆங்கிலத்தில் எழுதப் போகிறார்கள் என்பதற்காக வீட்டில் யோசிப்பதும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. யோசித்து முடித்த பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

ஓர் உதாரணம். கெட்டியான ஒரு கலத்தின் கொள்ளளவு 500 கன சென்டிமீட்டர். அதில் காற்று மட்டும் இருக்கிறது. பம்பு வைத்து மேலும் 100 கன சென்டிமீட்டர் காற்றை உள்ளே செலுத்துகிறார்கள். இப்போது கலத்தில் உள்ள காற்றின் கன அளவு என்ன?

கணக்குப் பாடத்தில் ஊறிய பிள்ளை சட்டென்று 600 என்று எழுதும். எண்களைப் பார்த்ததும் கை கூட்டப் போய்விடுகிறது. கதையாகச் சொல்லச் சொன்னால், "கலம் கெட்டியானது, பெரிதாகாது" என்ற வரியைப் பிள்ளை தானே சொல்ல நேரும். அந்த வரியில்தான் விடை இருக்கிறது. காற்றை அமுக்க முடியும், கலம் விரியாது, ஆகவே கன அளவு 500-தான். உள்ளே இருக்கும் காற்றின் நிறை மட்டும் கூடியிருக்கும். அடுத்த பகுதிக் கேள்வியாக நிறையைப் பற்றித்தான் கேட்பார்கள்.

கேள்வியில் தேவையில்லாமல் வரும் சொல் குறைவு. "கெட்டியான", "இருட்டறையில்", "இறுக மூடிய", "அறை வெப்பநிலையில்" போன்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போடும் பழக்கம் வேண்டும். எல்லா வரிக்கும் கோடு போட்டுத் தாளை நிரப்பும் பிள்ளைகளும் உண்டு. அதனால் பயனில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு அல்லது மூன்று கோடுதான் என்று வரம்பு வையுங்கள். எதற்குக் கோடு போடலாம் என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் மூளை வேலை செய்யும்.

படி 2: எந்த வகைப் பதில் கேட்கிறார்கள் என்று பிரியுங்கள்

"என்ன கண்டாய்?" என்று கேட்டால் கண்ணால் பார்த்தது மட்டும் வேண்டும். "என்ன முடிவுக்கு வரலாம்?" என்றால் இரண்டு அளவுகளுக்கும் உள்ள தொடர்பு வேண்டும். "ஏன்?" என்றால் காரணம் வேண்டும். "ஒப்பிடு" என்றால் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நான்குக்கும் ஒரே மாதிரி பதில் எழுதுகிறார்கள். "பனிக்கட்டி உருகியது" என்பது கண்டது. "வெப்பநிலை கூடினால் உருகும் நேரம் குறைகிறது" என்பது முடிவு. "சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தைப் பெற்றதால் உருகியது" என்பது காரணம். ஒரே சோதனையை வைத்து மூன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஒரு வாரம் பழக்கினால் போதும், இந்தக் குழப்பம் போய்விடும்.

படி 3: காரணச் சங்கிலியைக் கட்டுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அந்தக் குவளையையே எடுத்துக்கொள்வோம். மேசையில் ஒரு குவளை ஐஸ் தண்ணீரை வைத்துவிட்டுப் பேச்சு இப்படிப் போகலாம்:

"கப்புக்கு வெளியே தண்ணி எப்படி வந்துச்சு?"

"கண்டென்சேஷன்மா."

"சரி, எது கண்டென்ஸ் ஆச்சு?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி? உள்ளே இருக்கிறதா?"

"இல்ல... நீராவி."

"எங்கே இருந்த நீராவி?"

"காத்துல. கப்பைச் சுத்தி இருக்கிற காத்துல."

"அப்போ அது ஏன் மேசை மேல தண்ணியாகலை? கப்பு மேல மட்டும் ஏன்?"

"கப்பு ஜில்லுன்னு இருக்கு. மேசை அப்படி இல்லையே."

"ஜில்லுன்னு இருக்கிறதைத் தொட்டா நீராவிக்கு என்ன ஆகும்?"

"அதோட சூடு போயிடும். அதான் தண்ணியாயிடுது."

முதல் பதிலே சரிதான்; கண்டென்சேஷன் என்பது நீராவி வெப்பத்தை இழந்து நீராவது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது. அதற்கு முன்னும் பின்னும் நான்கு கண்ணிகள் இருக்கின்றன: எங்கிருந்த நீராவி, எந்தப் பரப்பைத் தொட்டது, வெப்பம் எங்கே போனது, கடைசியில் என்னவாக மாறியது. இவற்றைக் கோத்தால் பதில் வந்துவிடும்: குவளையைச் சுற்றியுள்ள காற்றில் இருந்த வெப்பமான நீராவி, குவளையின் குளிர்ந்த வெளிப்பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளிகளாக மாறியது.

இந்த உரையாடலில் பெற்றோர் ஒரு தகவலும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எது, எந்த, எங்கே, ஏன் அங்கே மட்டும் என்று கேட்டதோடு சரி. எல்லாம் பிள்ளையின் வாயிலிருந்தே வந்தது. பதில் வர நேரமானால் காத்திருங்கள். மௌனம் பொறுக்காமல் நாமே சொல்லிவிட்டால், அந்தக் கண்ணி மறுபடியும் நம்முடையதாகிவிடும்.

கட்டிய சங்கிலியை உடனே வேறு இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். மழை நேரத்தில் குளிர்சாதனப் பேருந்தில் போகும்போது சன்னல் கண்ணாடி மங்கலாகிறதே, அந்த நீர்த்துளி உட்புறமா வெளிப்புறமா? பிள்ளையைக் கண்ணாடியில் விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தேய்த்தால் அழியாது, ஏனென்றால் துளிகள் வெளிப்புறம் இருக்கின்றன. பேருந்துக்குள் இருக்கும் குளிர்ந்த காற்று கண்ணாடியைக் குளிர வைக்கிறது. வெளியே வெப்பமான, ஈரமான காற்று. நீராவி அதிகமாகவும் வெப்பமாகவும் இருக்கும் பக்கத்தில்தான் துளி உருவாகும். கொதிக்கும் பானையின் மூடியில் ஏன் அடிப்புறம் துளி நிற்கிறது? நீராவி அங்கேதான் இருக்கிறது. குளிர்நாட்டில், வெளியே பனி, வீட்டுக்குள் சூடு என்றால் சன்னலின் எந்தப் பக்கம்? உட்புறம். தேர்வில் கண்ணாடியின் இரு பக்கத்துக்கும் 'ஏ', 'பி' என்று பெயர் கொடுத்து இதைத்தான் கேட்பார்கள்.

இன்னும் ஒரு திருப்பம் உண்டு. இறுக மூடிய குளிர்ந்த போத்தலைத் தராசில் வைக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து நிறை சற்றுக் கூடியிருக்கிறது. ஏன்? போத்தலுக்குள் எதுவும் போக வழியில்லை. ஆகவே கூடியது வெளியே ஒட்டிய நீர்த்துளிகளின் நிறை. ஒரு மணி நேரம் கழித்து நிறை பழைய அளவுக்கே திரும்பிவிட்டது, அது ஏன்? துளிகள் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தைப் பெற்று ஆவியாகிவிட்டன. சங்கிலியை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இவை எல்லாமே ஒரே கேள்விதான்.

படி 4: சோதனைக் கேள்விகளை விரலால் மறைத்துப் படியுங்கள்

பிஎஸ்எல்இ தாளில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது சோதனை அமைப்புக் கேள்விகளில்தான். நான்கு செடிகள், ஒரு அட்டவணை. 'ஏ' செடிக்கு வெளிச்சம், 50 மில்லிலிட்டர் தண்ணீர். 'பி'-க்கு வெளிச்சம், 100 மில்லிலிட்டர். 'சி' இருட்டில், 50 மில்லிலிட்டர். 'டி'-க்கு வெளிச்சம், 50 மில்லிலிட்டர், கூடவே உரம். வெளிச்சம் செடியின் வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்று அறிய எந்த இரண்டை ஒப்பிட வேண்டும்?

வெளிச்சம் என்ற வரிசையை விரலால் மறைக்கச் சொல்லுங்கள். மறைத்த பிறகு மற்ற எல்லாம் ஒத்திருக்கும் இரண்டு எவை? 'ஏ'-யும் 'சி'-யும். விரலை எடுத்தால் வெளிச்சத்தில் மட்டும் வேறுபட வேண்டும். வேறுபடுகிறது. விடை கிடைத்துவிட்டது. இந்த விரல் உத்தியைத் தொடக்கநிலை 3 பிள்ளைகூடச் செய்யும்.

எழுதும் பதிலில்தான் கவனம் தேவை. "ஏன் 'ஏ'-க்கும் 'சி'-க்கும் ஒரே அளவு தண்ணீர்?" என்றால் "ஃபேர் டெஸ்ட்டாக (நியாயமான சோதனையாக) இருக்க" என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த கேள்விக்கு ஓடுகிறார்கள். அது பாதிதான். வளர்ச்சியில் தெரியும் வேறுபாட்டுக்கு வெளிச்சம் மட்டுமே காரணம் என்று உறுதி செய்ய, என்று முடிக்க வேண்டும். எதை மாற்றினோம், எதை அளந்தோம் என்ற இரண்டின் பெயரும் பதிலில் இருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் வேறு சில "ஏன்"கள்:

சோதனையை ஏன் மூன்று முறை செய்தார்கள்? முடிவை நம்பலாம் என்பதற்காக. "துல்லியமாக இருக்க" என்று எழுதினால் மதிப்பெண் போகும். கருவி தவறான அளவைக் காட்டினால் மூன்று முறையும் அதே தவறுதான் வரும்.

ஒரு விதைக்குப் பதில் ஏன் பத்து விதை? ஒன்று உயிரற்ற விதையாக இருந்துவிடலாம். அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

தண்ணீரை ஏன் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேலே எண்ணெய் ஊற்றினார்கள்? கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றக் கொதிக்க வைத்தார்கள், காற்று மறுபடி கரையாமல் இருக்க எண்ணெய். இரண்டு செயலுக்கும் தனித்தனிக் காரணம் எழுத வேண்டும்.

செடியை ஏன் முதலில் இரண்டு நாள் இருட்டில் வைத்தார்கள்? இலையில் ஏற்கெனவே இருக்கும் மாவுச்சத்து தீர்ந்துபோக. அப்போதுதான் பிறகு காணப்படும் மாவுச்சத்து சோதனையின்போது உண்டானது என்று சொல்ல முடியும்.

படி 5: வரைபடத்தில் கோடு எங்கே திரும்புகிறது என்று பாருங்கள்

வரைபடம் வந்தால் முதலில் இரு அச்சுகளின் பெயரையும் அலகையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சுருள்வில் கேள்விகளில் அச்சில் இருப்பது வில்லின் மொத்த நீளமா, கூடிய நீளமா என்று பார்க்காமல் விட்டதால் மட்டுமே தவறும் பிள்ளைகள் நிறைய. எடை எதுவும் மாட்டாதபோதே வில்லுக்கு ஒரு நீளம் உண்டு. நீளத்தின் கோடு அந்த அளவிலிருந்துதான் தொடங்கும், பூஜ்யத்திலிருந்து அல்ல.

பிறகு கோடு எங்கே ஏறுகிறது, எங்கே சமமாகப் போகிறது, எங்கே இறங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லட்டும். பனிக்கட்டியைச் சூடாக்கும் வரைபடத்தில் 0 டிகிரியில் கோடு படுத்துவிடும். "சூடாக்குவதை நிறுத்திவிட்டார்கள்" என்று பிள்ளை சொல்லலாம். நிறுத்தவில்லை, பெறும் வெப்பம் முழுவதும் பனிக்கட்டியை நீராக்கவே செலவாகிறது, அதனால் வெப்பநிலை ஏறவில்லை.

ஆனால் வரைபடக் கேள்விகளில் என்னைப் பொறுத்தவரை மிக நுட்பமானது நீர்த்தாவரத் தொட்டிக் கேள்வி. மூடிய தொட்டியில் நீர்த்தாவரங்கள். 24 மணி நேரமும் நீரில் உள்ள ஆக்சிஜன் அளவை அளக்கிறார்கள். எப்போது அளவு உச்சத்தில் இருக்கும்?

கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் நண்பகல் என்பார்கள். வெயில் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைத் தள்ளிவிடாதீர்கள், பாதி சரியானது அது. ஒளிச்சேர்க்கை மிக வேகமாக நடப்பது வெளிச்சம் மிகுந்த நேரத்தில்தான். ஆனால் கேள்வி வேகத்தைக் கேட்கவில்லை, சேர்ந்திருக்கும் அளவைக் கேட்கிறது. "பிற்பகல் 2 மணிக்கும் செடி ஆக்சிஜன் தருகிறதா?" "ஆமாம்." "மூச்சு விடுவதில் செலவாவதைவிட அதிகமாகவா?" "ஆமாம்." "அப்படியானால் 12 மணியைவிட 2 மணிக்கு அளவு கூடுதலா குறைவா?" இந்த இடத்தில் பிள்ளையின் முகம் மாறும். அளவு தொடர்ந்து ஏறிக்கொண்டே போய், மாலையில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் உச்சம் தொடும். இரவு முழுவதும் சுவாசம் மட்டும் நடப்பதால் இறங்கிக்கொண்டே வந்து, விடியும் நேரத்தில் மிகக் குறைவாக இருக்கும். சிங்கப்பூரில் சூரியன் ஏறக்குறைய காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறைவதால் நேரத்தைக் குறிப்பதும் எளிது.

இதனுடன் ஒட்டிய பழைய பிழை ஒன்றும் இருக்கிறது: "செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்." இதைப் பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உயிருள்ள எதுவும் எந்நேரமும் சுவாசிக்கிறது. பகலில் இரண்டும் நடக்கின்றன, ஒளிச்சேர்க்கையின் வேகம் அதிகமாக இருக்கிறது. இந்த ஒரு வரி சரியாகப் பதிந்தால் தாவரப் பாடத்தின் கடினமான கேள்விகளில் பல இலகுவாகிவிடும்.

படி 6: தெரிவு விடைக் கேள்விகளில் மூன்றை ஏன் விலக்கினாய் என்று கேளுங்கள்

சரியான விடையைக் குறித்தாலும் விட்டுவிடாதீர்கள். ஊகித்துக் குறித்ததும் சரியாக வரும். வாரத்துக்கு ஐந்து கேள்விகள் எடுத்து, விலக்கிய மூன்று விடைகளுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்ல வையுங்கள். இருபது கேள்விகளை வேகமாகச் செய்வதைவிட இதில் பலன் அதிகம்.

காந்தக் கேள்வி இதற்கு நல்ல பயிற்சி. மூன்று உலோகப் பட்டைகள், ஒன்றின் முனைகள் 'ஏ', 'பி', அடுத்ததன் முனைகள் 'சி', 'டி', மூன்றாவதன் முனைகள் 'இ', 'எஃப்'. 'ஏ' முனை 'சி'-யை ஈர்க்கிறது, 'டி'-யையும் ஈர்க்கிறது, 'இ'-யைத் தள்ளுகிறது. எவை காந்தம்? ஈர்ப்பதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, காந்தம் இரும்பையும் ஈர்க்கும், இன்னொரு காந்தத்தையும் ஈர்க்கும். தள்ளினால்தான் இரண்டும் காந்தம் என்பது உறுதி. ஆகவே முதலாவதும் மூன்றாவதும் காந்தங்கள். நடுப் பட்டை காந்தமாக இருந்திருந்தால் அதன் ஒரு முனையையாவது 'ஏ' தள்ளியிருக்க வேண்டும், தள்ளவில்லை. ஆகவே அது இரும்பு போன்ற காந்தம் ஈர்க்கும் பொருள் மட்டுமே.

மின்சுற்றுக் கேள்விகளுக்கு நீளமான விளக்கம் தேவையில்லை. மின்கலத்தின் ஒரு முனையில் விரலை வைத்து, கம்பி வழியே போய் மறு முனைக்குத் திரும்ப முடிகிறதா என்று பார்க்கட்டும். எந்த விளக்கின் வழியாகப் போகிறதோ அது எரியும். உணவு வலைக் கேள்விகளில் அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கிப் போகிறது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மீதி தானாக வரும்.

படி 7: சமையலறையில் செய்து காட்டுங்கள்

எல்லாப் பாடத்துக்கும் சோதனை தேவையில்லை. உள்ளுணர்வு பொய் சொல்லும் இடங்களில்தான் தேவை. வெப்பம் அப்படி ஒரு இடம்.

தோசைக்கல்லையும் மரப் பலகையையும் அடுப்பில் வைக்காமல் இரண்டு மணி நேரம் ஒரே மேசையில் வைத்துவிடுங்கள். பிள்ளையை இரண்டின் மேலும் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். கல் ஜில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. இப்போது ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகள். எதில் முதலில் உருகும்? "பலகையில்தான், கல்லுதான் ஜில்லுன்னு இருக்கே" என்று சொல்லும். வைத்துப் பாருங்கள். கல்லில் வைத்த கட்டியைச் சுற்றி உடனே தண்ணீர் படர ஆரம்பிக்கும், கட்டி வழுக்கிக்கொண்டு நகரும். பலகையில் வைத்தது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பிள்ளை நம்பாமல் இன்னொரு கட்டி எடுத்து வரும். வரட்டும். அதன் பிறகு கேளுங்கள்: கல் உண்மையிலேயே குளிர்ந்ததாக இருந்தால் ஐஸ் ஏன் அதில் சீக்கிரம் உருக வேண்டும்? இரண்டும் ஒரே அறையில் இருந்ததால் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. இரும்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். கையை வைத்தால் கையின் வெப்பத்தை வேகமாக எடுத்துச் செல்கிறது, அதனால் கைக்குக் குளிர்கிறது. ஐஸை வைத்தால் ஐஸுக்கு வெப்பத்தை வேகமாகக் கொடுக்கிறது, அதனால் உருகுகிறது. ஒரே குணத்தின் இரண்டு விளைவுகள். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை "உலோகம் குளிர்ந்த பொருள்" என்று எழுதாது.

இதற்கு ஒட்டியதாக, ஒரு ஐஸ் கட்டியைத் தடித்த துண்டில் சுற்றி வையுங்கள், இன்னொன்றைத் திறந்து வையுங்கள். துண்டு சூடு கொடுக்கும் என்று நினைக்கும் பிள்ளைக்கு, சுற்றி வைத்தது மெதுவாக உருகுவது பெரிய ஆச்சரியம். துணியும் அதில் சிக்கிய காற்றும் வெப்பத்தைச் சரியாகக் கடத்துவதில்லை, வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே போவது தாமதமாகிறது.

விடுமுறையில் ஜூரோங்கில் உள்ள சிங்கப்பூர் அறிவியல் நிலையத்துக்கோ, சுங்கை பூலோ சதுப்புநிலக் காட்டுக்கோ அழைத்துப் போவதும் நல்லதே. சதுப்பில் மரங்களின் வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு, காற்றில்லாத மண்ணில் அந்த வேர்கள் எதற்கு என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டாம்.

படி 8: தவறுகளை எழுதி வைக்கும் நோட்டு

ஒரே ஒரு நோட்டு போதும். தவறிய கேள்வியை வெட்டி ஒட்டி, பக்கத்தில் சரியான விடையை எழுதுவது எல்லாரும் செய்வது. அதோடு ஒரு வரி கூடுதலாக வேண்டும்: எந்த இடத்தில் அறுந்தது? "கெட்டியான என்ற சொல்லைப் பார்க்கவில்லை", "வெப்பம் எங்கே போனது என்று எழுதவில்லை", "வேகத்தையும் அளவையும் குழப்பினேன்". இந்த வரியைப் பிள்ளையே தன் சொற்களில் எழுத வேண்டும். சில வாரங்களில் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். சில பிள்ளைகளுக்கு வாசிப்பில்தான் சிக்கல், சிலருக்கு எழுத்தில், உண்மையிலேயே பாடம் புரியாதவர்கள் சிலர். மூன்றுக்கும் மருந்து வேறு. வாசிப்பில் சிக்கல் உள்ள பிள்ளையைக் கூடுதல் துணைப்பாட வகுப்பில் சேர்த்து மறுபடி பாடம் கேட்க வைத்தால் களைப்புதான் மிஞ்சும்.

பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு 2023-க்குள் முழுமையாக எடுக்கப்பட்டுவிட்டதால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஆண்டின் நடுவில் பலருக்குத் தெரிவதில்லை. பள்ளியின் சிறு மதிப்பீடுகளில் வரும் தாள்களை இந்த நோட்டோடு சேர்த்துப் பார்த்தால் அந்தக் குறை தீரும். பழைய தாள்களை வாங்கிப் பழக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இல் தொடக்கநிலை 3-இலிருந்து புதிய பாடத்திட்டம் வந்தது, அதைப் படித்த பிள்ளைகள் பிஎஸ்எல்இ எழுதுவது 2026 முதல். அதற்கு முந்தைய தாள்களில் வரும் எல்லாப் பகுதியும் இப்போதைய பாடத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிள்ளையின் பாடநூலில் இல்லாததைக் கட்டாயப்படுத்திப் படிக்க வைப்பது வீண்.

நமக்கே விடை தெரியாதபோது

அடிக்கடி நேரும். தொடக்கநிலை 6 கேள்விகள் சில பெரியவர்களையும் திணறடிக்கும். தெரிந்த மாதிரி ஒரு விளக்கம் சொல்லிவிட்டால், அது பிள்ளையின் மனதில் ஆழமாகப் பதிந்துவிடும், பிறகு ஆசிரியர் சொன்னாலும் மாற்றுவது கடினம். "எனக்குத் தெரியலை, எதுவரைக்கும் நமக்குத் தெரியுதுன்னு பார்ப்போம்" என்று சொல்லி, சங்கிலியைத் தெரிந்த இடம்வரை கட்டுங்கள். அறுந்த இடத்தை ஒரு கேள்வியாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வியை ஆசிரியரிடம் பிள்ளையே கேட்கட்டும். "சார், எனக்கு இது புரியலை" என்று மொத்தமாகக் கேட்டால், வகுப்பில் நாற்பது பேரை வைத்திருக்கும் ஆசிரியர் பாடத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு அவருக்கு நேரம் இருக்காது. "நீராவி கண்ணாடியைத் தொடுகிற வரைக்கும் புரியுது, வெப்பம் கண்ணாடிக்குப் போகுதா, உள்ளே இருக்கிற காத்துக்குப் போகுதா?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெளிவு கிடைத்துவிடும். அப்படிக் கேட்கத் தயக்கப்படும் பிள்ளையாக இருந்தால், நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிக் கொடுத்தனுப்புங்கள், ஆசிரியர் எழுதித் தருவார். பதிலை வாங்கி வந்த அன்று மாலையே, அதே சங்கிலியை முதலிலிருந்து கடைசிவரை உங்களுக்குச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.